கத்தியை வீசு, ஓடிப்போய்க் குத்து: 2024 விதிப்புத்தகத்தில் மாங்க்

பகடை உருட்டி ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2024 விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டியது, வெறுங்கையால் சண்டையிடும் கதாபாத்திர வகுப்பான மாங்க் பக்கத்தைத்தான். தூரத்தில் நிற்பவன் மேல் கத்தியை வீசிவிட்டு, அதே டர்னில் (என் ஆட்ட முறையில்) ஓடிப்போய் வெறுங்கையால் குத்துவது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

2014 புத்தகத்திலும் இது முடியும், ஆனால் கணக்குப் பார்த்துப் பார்த்துத்தான் ஆட வேண்டும். அட்டாக் ஆக்‌ஷனில் வெறுங்கையாலோ மாங்க் ஆயுதத்தாலோ (குத்துவாள், ஜாவலின் என்ற எறியீட்டி போன்றவை) தாக்கியிருந்தால்தான், கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் ஒரு குத்து. ஒரு டர்னில் சும்மா எடுக்கக்கூடியது ஒரே ஒரு பொருள் என்பதால், 5ஆம் லெவலில் இரண்டு தாக்குதல் வந்தபிறகு இரண்டாவது கத்தியை முன்பே கையில் பிடித்திருக்க வேண்டும். புதியதில் இரண்டு முடிச்சும் அவிழ்ந்துவிட்டது. எதை வீசினாலும், எதையுமே வீசாவிட்டாலும் போனஸ் ஆக்‌ஷனில் குத்து உண்டு. வீசும் ஆயுதத்தை உருவுவது வீசுவதிலேயே அடக்கம்.

என்னை நாற்காலி நுனிக்கு வரவைத்தது, எதிரியை உறையவைக்கும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக். பழைய விதியில் அதற்கு அருகில் நின்று செய்யும் மெலீ தாக்குதல் வேண்டும், அதாவது வீசிய கத்தி உதவாது. இப்போது மாங்க் ஆயுதம் பட்டாலே போதும், டர்னுக்கு ஒருமுறை, மாங்கின் சிறப்பாற்றல் புள்ளியான ஃபோகஸ் பாயிண்ட் ஒன்றின் செலவில். 30 அடி தள்ளி நின்று ஜாவலினை எறிகிறீர்கள், எதிரி கான்ஸ்டிட்யூஷன் சேவில் (உடல் உறுதியால் தாங்கப் பகடை உருட்டுவது) தோற்று உறைந்து நிற்கிறான், நீங்கள் 40 அடி வேகத்தில் பாய்ந்து அட்வான்டேஜோடு (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) குத்துகிறீர்கள்! சேவில் ஜெயித்தாலும் அவன் வேகம் பாதியாகும், அடுத்த தாக்குதலுக்கு அட்வான்டேஜும் உண்டு. அப்புறம், மாங்க் சேதத்துக்கு உருட்டும் பகடை 5ஆம் லெவலில் டி8 (எட்டு முகப் பகடை) ஆகிவிடுவதால் குத்துவாளுக்கும் ஜாவலினுக்கும் சேதம் ஒன்றுதான். சாதாரண வீச்சு 20 அடிக்குப் பதில் 30 அடி போகிற ஜாவலினையே எடுங்கள்.

வரிசை மட்டும் முக்கியம். எதிரி 5 அடிக்குள் இருக்கும்போது வீசினால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் தாழ்ந்ததை எடுப்பது), அதனால் முதலில் வீச்சு, பிறகு ஓட்டம்.

குறை என்றால் டார்ட் என்ற சிறு எறியம்பு. கையால் எறியத்தானே அது இருக்கிறது, இருந்தும் ரேஞ்ச்டு (தொலைதூர) ஆயுதப் பட்டியலில் கிடப்பதால் மாங்க் ஆயுதம் ஆகாது, அதை வைத்து ஸ்டன் செய்ய முடியாது. இன்னொன்று, மாங்குக்கு வெப்பன் மாஸ்டரி (ஒவ்வொரு ஆயுதத்துக்கும் உரிய தனித்திறன்) தரவில்லை. குத்துவாளின் 'நிக்' கிடைத்திருந்தால் போனஸ் ஆக்‌ஷனைத் தொடாமலே இன்னொரு கத்தி வீசியிருக்கலாம். ஃபீட் என்ற கூடுதல் திறன் ஒன்றோ வேறு வகுப்பில் ஒரு லெவலோ கொடுத்துத்தான் அதை வாங்க வேண்டும், எனக்கு அது வருத்தம்தான்.

384 பக்கப் புத்தகத்தை இதற்காக மட்டும் வாங்க வேண்டுமா என்று யோசிப்பவர்கள், 2025 ஏப்ரலில் இலவசமாக வெளியான அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.2இல் மாங்க் வகுப்பை முழுதாகப் படித்து, ஒரு சண்டை ஆடிப் பாருங்கள்.