புது பம்பருக்குப் பில், காரில் பழைய பம்பர்: வேலூர்ப் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

"புது பம்பர் போட்டாச்சு சார்" என்று சொல்லிவிட்டு, பழைய பம்பருக்கே பட்டி பூசிப் பெயின்ட் அடித்து, புதுசுக்கான காசை வாங்கியிருக்கிறார்கள். கார், போர்ஷே 718 கேமன். சொந்தக்காரர் ஆம்பூர்ப் பக்கம். வேலூரில் ஒரு கல்யாண மண்டபப் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்த எஸ்.யூ.வி. ஒன்று இடது முன் மூலையில் இடித்துவிட்டது. பம்பரில் ஒரு விரிசல், உள்ளே போய்விட்ட ஒரு பார்க்கிங் சென்சார், முன் மூடியின் (பானட்) ஓரத்தில் சின்ன நெளிவு. வெளியே தெரிந்தது அவ்வளவுதான். விவகாரம் முடியவில்லை என்பதால் ஒர்க்‌ஷாப்பின் பெயர் இங்கே இல்லை. செய்த வேலையின் லட்சணத்தை மட்டும் பார்ப்போம்.

வண்டி கைக்கு வந்து சில வாரங்களில் ஏசியில் குளிர்ச்சி குறைந்தது. எதிரே ஒன்றுமே இல்லாதபோது சென்சார் கத்தியது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது பம்பர் ஓரத்தில் பெயின்ட் தோலாக உரிந்தது. வேறு இடத்தில் பம்பரைக் கழற்றிப் பார்த்தால், உள்பக்கம் விரிசல் மேல் ஃபைபர் கிளாஸ் துணி ஒட்டி ரெசின் தடவியிருக்கிறது. பிளாஸ்டிக் கிளிப்புகள் பாதிக்கு மேல் காணோம். பதிலுக்கு மரத்துக்குப் போடும் ஸ்க்ரூ. சக்கரத்துக்கு மேல் வளைவாக மூடியிருக்கும் பிளாஸ்டிக் லைனர் கேபிள் டையில் தொங்குகிறது. ஏசி வாயுவைக் குளிர்விக்கும் இடது மூலைக் கண்டன்சரின் தகடுகள் நசுங்கி அப்படியே கிடக்கின்றன. அதை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இந்தக் காரில் மூலை இடி ஏன் ஆபத்து என்று தெரிந்தால்தான் ஏமாற்றின் கனம் புரியும். கேமனிலும், அதன் திறந்த கூரை வடிவமான பாக்ஸ்டரிலும் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு மூலைகளிலும் இருக்கின்றன. ஏசி கண்டன்சர்கள் அவற்றுக்கும் முன்னால். சாதாரண ஹேட்ச்பேக்கில் மூலையில் இடித்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக்கோடு போய்விடும். இங்கே அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் சில அங்குலத்தில் ரேடியேட்டர். பம்பர் தோல் உள்ளே அமுங்கி, கண்டன்சரை அழுத்திவிட்டு, மறுபடி நிமிர்ந்து பழைய வடிவத்துக்கே வந்து நிற்கும். வெளியே ஒரு கோடுதான் தெரியும். அதனால் இந்த வகைக் காரில் மூலை இடி என்றால், கீறலே ஆனாலும், முன் பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் எஸ்டிமேட் போடுகிற ஆளிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கசிந்திருந்தால் இன்னொரு சிக்கல். முன்னாலிருந்து நடுவிலுள்ள இன்ஜின் வரைக்கும் நீளமான குழாய்கள். கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்து சும்மா ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும், இன்ஜின் சூடேறும். வேக்யூம் கருவி வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும். நம் ஊர் போர்வெல் தண்ணீரைக் கலக்கவே விடாதீர்கள். வாளியில் வெள்ளையாகப் படிவதுதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும்.

இனி பம்பர். புதுசா பழசா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: பம்பரின் உள்பக்கத்தில் கடிகார முகம் போல ஒரு வட்ட முத்திரை வார்த்திருக்கும். சுற்றி மாத எண்கள், நடுவில் வருடம், ஓர் அம்புக்குறி. வார்த்த மாதத்தை அது காட்டும். வண்டி தயாரான தேதிக்கு ஒட்டி, சற்று முந்தைய மாதமாக இருந்தால் அது வண்டியோடு பிறந்த பம்பர். பில்லில் "நியூ" என்று போட்டிருந்தால் அப்போதே கேள்வி கேட்கலாம். பழைய ஸ்டாக் என்று சமாளிப்பார்கள். அப்படியானால் கழற்றிய பம்பர் எங்கே என்று கேளுங்கள். பக்கத்திலேயே பிளாஸ்டிக்கின் வகையும் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் பி.பி. - ஈ.பி.டி.எம். என்று. புது பம்பர் பெயின்ட் இல்லாமல் பிரைமரோடுதான் வரும். பல மாடல்களில் சென்சாருக்கான ஓட்டைகூட இருக்காது. அளவு பார்த்துத் துளைத்து, உள்ளே பிராக்கெட் ஒட்ட வேண்டும். அந்த நிலையில் ஒரு போட்டோ அனுப்பச் சொன்னால் ஒழுங்கான கடை மறுக்காது.

பழைய பம்பரைச் சரிசெய்வதே தப்பு என்று சொல்லவில்லை. சின்ன விரிசலுக்கு அதுதான் சரியான வேலை, செலவும் மிச்சம். ஆனால் பி.பி. பிளாஸ்டிக்கில் பாலியெஸ்டர் ரெசின் பிடிக்காது. உள்பக்கம் விரிசலை வி வடிவில் கீறி, அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியால் சூடுவைத்து ஒட்ட வேண்டும், தேவைப்பட்டால் ஸ்டேபிள் கம்பி பதித்து. பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, சொரசொரப்பாக்கி, பிளாஸ்டிக் பிரைமர் மெல்லிசாக ஒரு கோட். இந்த ஒரு கோட்டை விட்டதால்தான் மேலே சொன்ன காரில் தோல் உரிந்தது. அதன் மேல் வளைந்துகொடுக்க ஃப்ளெக்ஸ் சேர்த்த சர்ஃபேசர் (மேடுபள்ளம் நிரப்பும் அடிப்பூச்சு), 400, 800 உப்புத்தாளில் தேய்ப்பு, நிறத்துக்குப் பேஸ் கோட், கடைசியில் பளபளப்புக்கு ஹார்ட்னர் கலந்த கிளியர் இரண்டு கோட். பிறகு பெயின்ட் உலர்த்தும் மூடிய அறையான பூத்தில் 60 டிகிரியில் அரை மணி நேரம். பம்பரைச் சரியாகத் தாங்கிவைக்காவிட்டால் அந்தச் சூட்டில் தொய்ந்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கொட்டகையின் கீழ் அடித்தால் தின்னர் விழுவதற்கு முன்பே ஆவியாகி, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரவென்று நிற்கும். கோடைக்கென்றே மெதுவாக உலரும் தின்னர் இருக்கிறது. வாங்குகிற கடைதான் குறைவு.

சென்சார் கத்தியதற்குக் காரணம், குழிக்குள் போன பட்டி. சென்சாரைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அது பம்பரின் அதிர்வை சென்சாருக்குள் விடாமல் தடுக்கும். அதைத் தொலைத்துவிட்டு, சென்சார் முகத்தின் மேலேயே தடிமனாகப் பெயின்டும் அடித்திருந்தார்கள்.

முன் மூடி விஷயத்தில் இன்னும் கெட்டிக்காரத்தனம். தடிமனான பட்டி இருந்தால் காந்தம் ஒட்டாது என்ற கணக்கில் சொந்தக்காரர் சந்தேகப்பட்டு வைத்துப் பார்த்திருக்கிறார், ஒட்டவில்லை. "அலுமினியம் சார், எப்படி ஒட்டும்?" என்று பதில் வந்தது. உண்மைதான், கேமனின் முன் மூடியும் கதவுகளும் அலுமினியமே. அந்த உண்மைக்குப் பின்னாலேயே பட்டியை ஒளித்துவைத்திருக்கிறார்கள். இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கும் பெயின்ட் கேஜ் (பூச்சின் தடிமனைக் காட்டும் கருவி) வைத்தபோது மூடியின் மற்ற இடமெல்லாம் 120 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பக்கம், அந்த ஓரத்தில் மட்டும் 900. கம்பெனிப் பெயின்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். மறுபடி அடித்தால் 200, 300 வரும். அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் அடியில் பட்டி. பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கேஜ் வேலை செய்யாது.

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து டிங்கர்களின் கை சாதாரணமானதல்ல. இரும்புத் தகட்டில் இவர்கள் எடுக்கும் நெளிவைக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பேனலை மாற்றித்தான் சரிசெய்வார்கள். ஆனால் அலுமினியம் இரும்பு மாதிரித் திரும்பி வராது. தட்டத் தட்ட நீண்டு, கடைசியில் வெடிப்பு விடும். இரும்பில் பயன்படுத்திய சுத்தியும் எமரியும் அதில் பட்டால் இரும்புத் துகள் பதிந்து, பெயின்டுக்கு அடியில் அரிப்பு தொடங்கும். தனிச் செட் கருவி இல்லாத கடையில் பம்பரை மட்டும் கொடுங்கள், மூடியைக் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் வழியில் போனால் ஏமாற்று வேறு மாதிரி. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வருவதற்கு முன் ஹெட்லைட்டை மாட்டும் பிளாஸ்டிக் காதை உடைத்து, முழு ஹெட்லைட்டையும் கணக்கில் சேர்ப்பார்கள். இடித்தவுடனேயே, வண்டியை நகர்த்துவதற்கு முன், நான்கு பக்கமும் வீடியோ எடுத்து வைத்திருந்தால் இது நடக்காது. விபத்து நடந்த விதத்தை மாற்றி எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பொய்த் தகவல் என்று கிளைம் நிராகரிக்கப்பட்டால் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர். தேய்மானம் கழிக்காமல் தரும் 'ஜீரோ டெப்' சேர்க்காத பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்துக்கொண்டுதான் தருவார்கள், 1500 சி.சி.க்கு மேற்பட்ட காரென்றால் கட்டாயப் பிடித்தம் 2,000 ரூபாய். ஏற்கெனவே 50 சதவீத நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) இருந்தால், ஒரே ஒரு கிளைமில் அடுத்த வருடம் அது பூஜ்யம். சின்னக் கீறலுக்குக் கைக்காசு போடுவது லாபமா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

பில்லில் இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்குப் பிறகும் 28 போட்ட பில் இந்த விவகாரத்தில் இருக்கிறது. பில்லிலுள்ள ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அந்தக் கடையின் பதிவுதானா, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வண்டியை விடும்போது ஜாப் கார்டில் கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, டயர் பிராண்டு எழுதி வாங்குங்கள். எஸ்டிமேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் பார்ட் நம்பர் வேண்டும். "பம்பர் செட்" என்று ஒற்றை வரியில் எழுதினால் திருப்பிக் கொடுங்கள். கைக்காசு வேலையில் கழற்றிய பாகங்கள் உங்களுடையவை. திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதுங்கள். இன்சூரன்ஸ் வேலையில் அவை சால்வேஜ் கணக்கில், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்கே, போகலாம். பம்பரை மாட்டுவதற்கு முன் அதன் பின்னால் இருக்கும் பீம் (உலோகச் சட்டம்), இரண்டு ரேடியேட்டர், சென்சார் ஒயரிங் ஆகியவற்றின் போட்டோ, வேலைக்கு முன்னும் பின்னும் வண்டியின் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்து எடுத்த பிரின்ட், இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சென்னைக்கு அனுப்புவதென்றால் காரை முழுதாக மேலே ஏற்றும் ஃபிளாட்பெட்டில் மட்டும். கொக்கி போட்டுத் தூக்கும் வண்டியில் ஏற்றினால் பம்பரின் அடி விளிம்பான முன் லிப்பும் போய்விடும்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் சரிசெய்ய விடுவதற்கு முன் போட்டோ, கேஜ் ரீடிங், வேறு ஒர்க்‌ஷாப்பின் எழுத்துப்பூர்வ அறிக்கை மூன்றையும் எடுத்துவிடுங்கள். அதே கடையில் மறுபடி விட்டால் ஆதாரம் துடைக்கப்பட்டுவிடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 வருடம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும்.