ஏரிச் சாலைக்கு ஒன்று, வட்டக்கானல் இறக்கத்துக்கு ஒன்று: கொடைக்கானலில் ஓட எந்த ஷூ?

கொடைக்கானலில் ஓடுகிற எங்களில் பலர் ஷூ வாங்குவது மதுரையில், இல்லாவிட்டால் திண்டுக்கல்லில். கடையில் டைல்ஸ் தரை, சமதளம், ஏசி. போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தால் எந்த ஷூவும் நன்றாகத்தான் இருக்கும். மலைக்குக் கொண்டுவந்து பாம்பார்புரத்திலிருந்து வட்டக்கானல் பக்கம் இறங்கும்போதுதான் அது நம் காலுக்கு ஆகுமா ஆகாதா என்று தெரியும். அப்போது அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

ஒன்பது வருடமாக இங்கே ஓடுகிறேன். உள்பக்கத் தாங்கல் வைத்தது, தடித்த குஷன் உள்ளது, காட்டுப் பாதைக்கானது, குதிகால் உயராதது என்று நாலு வகை ஷூவையும் ஒரே பாதைகளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பாதைகள் மூன்று. ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர் தார் ரோடு, கிட்டத்தட்ட சமம். அடுத்தது அப்சர்வேட்டரிக்கு ஏறும் ரோடு. அங்குள்ள சூரிய ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கும். மூன்றாவது, வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. வேர், பாறை, மழை பெய்தால் சேறு.

முதலில் எல்லாக் கடைகளிலும் கேட்கிற பேச்சை எடுத்துக்கொள்கிறேன்: தட்டைப் பாதமா, வளைந்த பாதமா? ஈரக்காலைத் தரையில் பதித்து, தடம் முழுதாக விழுந்தால் தட்டை, நடுவில் மெலிந்தால் வளைவு என்று பார்ப்பார்கள். தட்டை என்றால் ஓடும்போது பாதம் உள்பக்கம் சாயும் என்பது அவர்கள் கணக்கு. மதுரையில் ஒரு கடையில் கண்ணாடித் தட்டின் மேல் என்னை நிற்கவைத்து, “மேடம், உங்க பாதம் உள்பக்கமா சாயுது, உங்களுக்கு ஸ்டெபிலிட்டி ஷூதான் சரி” என்றார்கள். ஸ்டெபிலிட்டி ஷூ என்றால், பாதம் உள்பக்கம் அதிகம் சாயாமல் இருக்க அந்தப் பக்கத்தில் கூடுதல் தாங்கல் வைத்தது. 1993இல் வந்து இன்றுவரை புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கும் ஆசிக்ஸ் ஜெல் கயானோ இந்த வகைக்குத் தெரிந்த உதாரணம். அப்படித் தாங்கல் எதுவும் இல்லாததை நியூட்ரல் என்பார்கள். 1983 முதல் வரும் நைக் பெகாசஸ் அந்த ரகம்.

கடைக்காரர் சொன்னபடி ஒரு ஸ்டெபிலிட்டி ஜோடி வாங்கினேன். ஏரிச் சாலையில் குறை ஒன்றும் இல்லை. அப்சர்வேட்டரியிலிருந்து இறங்கும்போது உள்பக்கத் தாங்கல் பாதக்குழியில் அழுத்தி, மூன்றாவது வாரம் கொப்புளம் வந்தது. பழகினால் சரியாகும் என்று இரண்டு மாதம் பொறுத்தேன். சரியாகவில்லை. இது என் கால். உங்களுக்கு அது நன்றாகவே இருக்கலாம். ஆனால் பாத வளைவை மட்டும் பார்த்து ஷூவைத் தீர்மானிக்கும் வழக்கத்துக்கு ஆதாரம் எவ்வளவு பலவீனம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்க ராணுவத்தின் அடிப்படைப் பயிற்சியில் ஆயிரக்கணக்கானவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பாத வடிவத்துக்கு ஏற்ற ஷூவும் மற்றதற்கு எல்லாருக்கும் ஒரே வகையும் கொடுத்தார்கள். காயங்களில் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. டென்மார்க்கில் புதிதாக ஓட ஆரம்பித்த 927 பேருக்கு ஒரே நியூட்ரல் ஷூவைக் கொடுத்து ஒரு வருடம் கவனித்தார்கள். பாதம் உள்பக்கம் சாய்கிறவர்களுக்குக் காயம் அதிகம் வரவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. லக்ஸம்பர்க்கில் 372 பேரிடம் செய்த ஆய்வில், உள்பக்கம் சாயும் பாதக்காரர்களுக்கு இந்தத் தாங்கல் உதவியது. ஆகவே ஸ்டெபிலிட்டி ஷூவை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே அதைப் போட்டு வலியில்லாமல் ஓடுகிறவர் மாற்ற வேண்டாம். புதிதாக வாங்குகிறவர் இரண்டையும் போட்டு ஓடிப் பார்த்து, கால் எதை மறக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஈரத்தடம் பார்த்து அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம்.

மலையில் உண்மையான போட்டி வேறு இரண்டுக்கு இடையில்தான்: தடித்த குஷன் உள்ள ரோடு ஷூ, காட்டுப் பாதைக்கென்று அடியில் பல் வைத்த டிரெயில் ஷூ.

குஷன் ஷூவின் பலம் இறக்கத்தில் தெரியும். 9 டிகிரி சரிவில் இறங்கும்போது தரை காலில் திருப்பி அடிக்கும் அந்த முதல் அடி, சமதளத்தைவிட 54 சதவீதம் கூடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். நம் ரோடுகளில் அப்படிப்பட்ட சரிவுகள் சாதாரணம். ஏறும்போதோ பலரும் முன்பாதத்தில்தான் ஊன்றுவோம், குதிகாலுக்குக் கீழே எவ்வளவு பஞ்சு இருந்தாலும் அது சும்மா கூட வரும். ஆக, குஷனுக்குக் கொடுக்கும் காசு ஏற்றத்துக்கானதில்லை, திரும்பி வரும் வழிக்கானது. தடித்த குஷனைப் பிரபலமாக்கிய ஹோகா, 2009இல் பிரான்ஸின் ஆன்சி நகரத்தில் தொடங்கியது. மலையில் வேகமாக இறங்கத் தோதான ஷூ வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். இன்றைக்கு அதை ரோட்டில் ஓடுகிறவர்களே அதிகம் போடுகிறார்கள்.

ஆனால் அதே தடிமன் வட்டக்கானல் பாதையில் எனக்குப் பயமாக இருக்கிறது. கால் தரையிலிருந்து உயரமாகிவிடுவதால், வேரின் ஓரத்தில் மிதித்தால் கணுக்கால் சட்டென்று மடங்கும். போன ஐப்பசியில் அப்படி மடங்கி இரண்டு வாரம் படுத்தேன். அடி ரப்பரும் தாருக்கென்று வழவழப்பாகச் செய்தது, சேற்றில் பிடிக்காது. காலை ஆறு மணிக்கு அந்தப் பக்கம் வளைவில் காட்டுமாடு நிற்கும். நினைத்த இடத்தில் நிற்க முடியாத ஷூவோடு அங்கே இறங்கக் கூடாது.

டிரெயில் ஷூ இதற்கு நேர்மாறு. அடியில் 4, 5 மில்லிமீட்டர் பல் இருக்கும், சேற்றில் கடித்து நிற்கும். முன்பக்கம் கெட்டியான ரப்பர் காப்பு, கல்லில் இடித்தால் விரல் தப்பும். டால்பின் நோஸ் போய்த் திரும்ப இதைவிட நல்லது எனக்கு அமையவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பல் ஆழமாக இருந்தால் எல்லா இடத்திலும் பிடிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஈரப் பாறையில் பல்லின் நுனி மட்டுமே தொடுவதால் பிடிமானம் குறையும். அங்கே காப்பாற்றுவது ரப்பரின் பசைத்தன்மை. கடையில் பல்லை எண்ணுவதோடு நிறுத்தாமல் கட்டைவிரலால் ரப்பரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக் மாதிரி வழுக்கினால் வேண்டாம். பாசி பிடித்த கல்லிலும் காய்ந்த பைன் ஊசி இலை மெத்தையிலும் எந்த ஷூவையும் நம்ப முடியாது, அங்கே நடந்துவிடுவதே நல்லது.

டிரெயில் ஷூவோடு ஏரியைச் சுற்றினால்? ஓடலாம், ஆனால் தாரில் தட்தட்டென்று அடிக்கும். பல் சீக்கிரம் தேயும். அரைச் சுற்றிலேயே கெண்டைக்கால் களைத்துப்போகும். மார்கழிக் காலையில் இன்னும் மோசம். ஜிம்கானா, கீழ்பூமி பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் நாட்களில் மிட்சோலில், அதாவது பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் உள்ள ஃபோமே குளிரில் இறுகிவிடும். குஷன் ஷூகூட முதல் ஒரு கிலோமீட்டருக்குக் கட்டை மாதிரி இருக்கும், டிரெயில் ஷூவைச் சொல்லவே வேண்டாம். அந்த மாதங்களில் ஷூவை வராந்தாவில் விடாமல் வீட்டுக்குள் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

நாலாவது வகை, குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும் ஜீரோ டிராப். சாதாரண ரோடு ஷூவில் குதிகால் 8 முதல் 12 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அந்த உயரத்தை எடுத்துவிட்டால் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் கூடுதலாக இழுபடும். நம் ஏற்றங்கள் ஏற்கெனவே அதைத்தான் இழுக்கின்றன. அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றார் என்பார்கள். உண்மைதான், ஆனால் அவர் ஓடியது தெருக்களில், அந்தக் கால் அப்படியே பழகிய கால். சமதளத்தில் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகாமல் இதோடு மலையேற வேண்டாம்.

எந்த வகையானாலும் அளவு தப்பினால் எல்லாம் போச்சு, மலையில் இன்னும் அதிகமாக. இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கும். விரல் நுனி இடித்தால் ஒரு வாரத்தில் நகம் கறுக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளம், அதையும் பாருங்கள். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போங்கள். கடையில் படிக்கட்டோ வண்டி இறங்கும் சரிவோ இருந்தால் அதில் இறங்கிப் பார்க்கக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

அகலம் தனிப் பிரச்சினை. செருப்பிலேயே வளர்ந்த என் பாதம் முன்பக்கம் விரிந்தது. பெண்களுக்கான ஷூவில் சுண்டுவிரல் நசுங்கும். அரை சைஸ் கூட்டினேன். அரை சைஸ் என்பது சுமார் 4 மில்லிமீட்டர் நீளம்தான் கூட்டும், அகலம் அந்த அளவு கூடாது. குதிகால் மட்டும் உள்ளே ஆட ஆரம்பித்தது. கடைசியில் ஆண்கள் பிரிவில் என் நீளத்துக்குச் சரியான ஜோடி பார்த்தேன், விரல்கள் விரிந்து உட்கார்ந்தன. அகலப் பதிப்பு என்று தனியாக வருவதைக் கேட்டும் பாருங்கள். வீட்டில் அண்ணனோ கணவரோ “அது ஆம்பளை ஷூ” என்றால் காதில் வாங்க வேண்டாம்.

லேஸும் இதில் சேர்த்திதான். ஷூவின் மேல் ஓரத்தில் ஒரு கூடுதல் ஓட்டை சும்மா கிடக்கும். லேஸை அதே பக்கத்து ஓட்டையில் நுழைத்துச் சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க நுனியை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் பூட்டியது போல் நிற்கும். நகம் கறுப்பது எனக்கு இதனால்தான் நின்றது.

மழைக்காலத்தில் நீர் புகாத உறை உள்ளது நல்லதா, வலைத்துணி போட்டது நல்லதா என்று கேட்பார்கள். நான் வலைத்துணி பக்கம். மலை மழையில் தண்ணீர் கணுக்கால் வழியாக இறங்கிவிடும். நீர் புகாத ஷூவில் இறங்கிய தண்ணீர் வெளியேறவும் முடியாது. வலைத்துணி நனைந்தாலும் வடிந்துவிடும். பனிப்புல்லில் நடக்க மட்டும் நீர் புகாதது சுகம். நனைந்ததை அடுப்புப் பக்கம் வைத்தால் பசை விட்டு சோல் பிளக்கும். இன்சோலை எடுத்துவிட்டு, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணிக்கொரு முறை மாற்றினால் போதும். மேகம் இறங்கிய வாரங்களில் அப்படியும் இரண்டு நாள் ஆகும்.

அதனால்தான் இங்கே இரண்டு ஜோடி ஆடம்பரம் இல்லை. அதே லக்ஸம்பர்க் குழு 264 பேரை 22 வாரம் கவனித்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காய ஆபத்து 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஏரிக்குக் குஷன் உள்ள நியூட்ரல், காட்டுக்கு டிரெயில் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் நீடித்து உழைக்கும்.

அண்ணன் மகள் போன மாதம் ஓட ஆரம்பித்தாள். “அத்தை, ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும். எது வாங்கட்டும்?” என்றாள். கல்லூரி படிக்கிற பிள்ளைக்கு இரண்டு ஜோடி நியாயம் பேச முடியாது. பல் குட்டையாக, 3 மில்லிமீட்டர் அளவில், அடியில் ஓரளவு குஷனும் வைத்து, ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவாக வருவதை வாங்கச் சொன்னேன். ஏரியில் அது குஷன் ஷூ அளவுக்கு மென்மையாக இருக்காது, சேற்றில் டிரெயில் ஷூ அளவுக்குப் பிடிக்காது. ஆனால் நாயுடுபுரத்திலிருந்து தினமும் ரோடும் மண்ணும் மாறி மாறி வரும் பாதையில் ஓடப்போகிறவளுக்கு, முதல் வருடம் அது போதும். வட்டக்கானல் பாதைக்கு மட்டும் மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.