காலையில் லேசர், மதியம் வீடு: மதுரையில் வெரிகோஸ் சிகிச்சை

ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் நின்றபடியே செய்யும் வேலை எனக்கு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தபின் எங்களுக்கும் முக்காலிகள் போட்டார்கள். முகூர்த்த நாட்களில் அவற்றில் உட்கார நேரம் ஏது? இடது காலில் நரம்பு, அதாவது இரத்தக்குழாய், சுருண்டு புடைத்து, கணுக்கால் பக்கம் தோலும் கறுக்கத் தொடங்கிவிட்டது. இதைத்தான் வெரிகோஸ் என்கிறார்கள்.

உடன் வேலை செய்யும் அக்கா ஒருவர் சொல்லி, கே.கே. நகர்ப் பக்கம் முதல் மாடியில் இருக்கும் சிறிய மையத்துக்குப் போனேன். வார்டு கிடையாது. ஸ்கேன் அறை, சிகிச்சை அறை, சற்று ஓய்வெடுக்க ஓர் அறை, அவ்வளவுதான்.

அந்த இடத்தை நான் நம்பியதற்குக் காரணம் அங்கே எடுத்த, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். முன்பு வேறோர் இடத்தில் படுக்க வைத்து அவசரமாகப் பார்த்துவிட்டு, இரண்டு காலுக்கும் லேசர் (பழுதான குழாயைச் சூட்டால் மூடும் சிகிச்சை) வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இங்கே நிற்க வைத்தே எடுத்தார்கள். டாக்டர் கெண்டைக்காலை அழுத்திவிட்டு, மேலே ஏறிய இரத்தம் மறுபடி கீழே இறங்குவதைத் திரையில் காட்டினார். அப்படி இறங்காமல் தடுக்க இரத்தக்குழாய்க்குள் வால்வுகள் உண்டு. அரை நொடிக்கு மேல் இரத்தம் திரும்பினால் வால்வு பழுது என்று கொள்வார்களாம். இடது காலில் அது தெளிவாகத் தெரிந்தது. வலது காலைப் பார்த்துவிட்டு, "இதில் கை வைக்க வேண்டாம் அம்மா, இறுக்கமான காலுறை போதும்" என்றார். வரவிருந்த வருமானத்தைத் தானே வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த மையத்தை யாருக்கும் சொல்வேன்.

வலியே இருக்காது என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. முழங்கால் அருகே ஊசி வழியாக மெல்லிய லேசர் இழையைத் தொடை இடுக்கு வரை ஏற்றுவது பெரிதாகத் தெரியவில்லை. அடுத்து, உப்புநீரில் மரத்துப்போகும் மருந்தைக் கலந்து அந்தக் குழாயின் நெடுகிலும் வரிசையாக ஊசி போடுவார்கள். அதுதான் வலித்தது. ஆனால் அந்த நீர்தான் லேசரின் சூடு தோலுக்கும் தசைக்கும் போகாமல் காக்கிறது. லேசர் ஓடும்போது வலி இல்லை. வாயில் ஏதோ கருகிய சுவை வந்து போனது. நர்ஸ் தங்கை கடைசிவரை என் தோளில் கை வைத்து, நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும் இறுக்கமான காலுறையை மாட்டி, உடனே நடக்கச் சொன்னார்கள். இரத்தம் உறையாமல் இருக்க நடை அவசியம். மதியம் ஆட்டோவில் வீடு. என் சித்திக்கு இதே தொல்லைக்கு அந்தக் காலத்தில் முதுகில் ஊசி போட்டு, தொடை இடுக்கில் கீறி, நரம்பை உருவி எடுத்தார்கள். அவர் நாள்கணக்கில் படுத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு இரவு நர்ஸிடமிருந்து போன் வந்தது. மறுவாரம் ஆழத்தில் உள்ள குழாய்களில் உறைவு இல்லையா என்று மறுபடி ஸ்கேன் செய்தார்கள். உட்தொடையில் கயிறு கட்டி இழுப்பது போல ஒரு பிடிப்பு சில நாட்கள் இருந்தது, நீலத் திட்டுகளும் வந்தன. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

குறைகளும் உண்டு. சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. நர்ஸ் வாசித்து விளக்கினார், ஆனாலும் கையெழுத்துப் போடுகிறவர் தானே படிக்கத் தமிழில் ஒன்று வைக்க வேண்டாமா? சொன்ன தொகைக்குள் காலுறையின் விலை அடங்கவில்லை, அதையும் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். 24 மணி நேரம் தங்காமல் செய்யும் பல சிகிச்சைகளை டே கேர் என்று ஏற்பார்கள். வெளிநோயாளி ரசீது என்றால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். பல பாலிசிகளில் வெரிகோஸுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு, அதாவது பாலிசி எடுத்துக் குறிப்பிட்ட காலம் கழிந்த பிறகுதான் பணம் தருவார்கள். இன்னொன்றும் கேளுங்கள்: அங்கே ஐசியூ இல்லை, ஏதாவது ஆனால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? நான் கேட்டபோது தயங்காமல் பதில் சொன்னார்கள். இதயக் கோளாறு உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கறுத்த தோல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அது முழுதாக மாறாது என்று டாக்டர் முன்பே சொன்னார். மாலையில் கால் கனப்பது நின்றுவிட்டது. ஆடித் தள்ளுபடிக்கு முன்பே வேலைக்குத் திரும்பிவிட்டேன்.