பேட்ஜரைச் சுடுவதா, ஊசி போடுவதா?

மாட்டுக் காசநோய்க் கிருமி பேட்ஜரிடமும் இருப்பது 1971-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் தெரியவந்தது. முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு, வளைக்குள் குடும்பமாக வாழும் இரவு விலங்கு அது. மந்தைகளைக் காக்க அதைச் சுடுவதா, தடுப்பூசி போடுவதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

சுடுவதால் பலனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2013-இல் தொடங்கிய ஒழிப்பில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பேட்ஜர்கள் கொல்லப்பட்டன. அந்தப் பகுதிகளில் மாடுகளுக்கு நோய் வருவதும் குறைந்தது. ஆனால் மாடுகளுக்கான கட்டுப்பாடுகளும் கூடவே இறுகியதால், எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1998-இல் தொடங்கிய பெரிய சோதனை. சுமார் 11,000 பேட்ஜர்களைக் கொன்ற பிறகு, அந்த வட்டாரத்துக்குள் நோய் குறைந்தது. எல்லைக்கு வெளியே பக்கத்துப் பண்ணைகளில் கூடியது! ஒவ்வொரு பேட்ஜர் குடும்பத்துக்கும் தனி எல்லை உண்டு. பாதிப் பேர் செத்ததும் மிச்சமிருப்பவை அலையத் தொடங்கி, கிருமியையும் கொண்டுபோகின்றன.

ஊசியில் இந்தத் தொல்லை இல்லை. நம் ஊரில் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோமே, அதே பி.சி.ஜி.தான், பேட்ஜருக்கு 2010-இல் உரிமம் கிடைத்தது. நிலக்கடலை வைத்துக் கூண்டில் பிடித்து, ஊசி போட்டு அங்கேயே விட்டுவிடுவார்கள். குடும்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊசி போட்டிருந்தால், போடாத குட்டிகளுக்கும் தொற்று அபாயம் வெகுவாகக் குறைவதை ஒரு கள ஆய்வு காட்டியது. கார்ன்வாலில் விவசாயிகளே முன்னின்று நடத்திய சிறு முயற்சியில், நான்கு ஆண்டுகளில் பேட்ஜர்களின் தொற்று அறிகுறி 16 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது.

குறையும் உண்டு. ஏற்கெனவே நோய் பிடித்த பேட்ஜரை ஊசி குணப்படுத்தாது. வருடாவருடம் புதுக் குட்டிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆள்கூலியும் அதிகம், இரவில் துப்பாக்கியோடு காத்திருந்து சுடுவது மலிவு. இங்கிலாந்தில் ஊசியால் மாடுகளுக்கு நோய் குறைந்தது என்று இன்னும் உறுதியாக நிரூபணமாகவில்லை.

அதனால் அயர்லாந்து வழி எனக்குப் புரிகிறது: முதலில் ஒழிப்பால் எண்ணிக்கையைக் குறைத்த பகுதிகளை, அப்புறம் படிப்படியாக ஊசிக்கு மாற்றினார்கள். நோய் குறைவான இடங்களில் மட்டும் நேராக ஊசிக்கே என் ஓட்டு. அதற்காக மாட்டுச் சந்தையை மறக்கக்கூடாது. பரிசோதனையில் தப்பிய மாடு கைமாறிப் போனால், பேட்ஜரை என்ன செய்தாலும் நோய் அடுத்த பண்ணைக்குப் போய்விடும்.