மன்றோவா, ஜார்ஜ் மன்னரா?

ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது, சென்னையில் ஒரே ஒரு பழைய சிலைதான் பார்க்க முடியும் என்றால், தீவுத்திடல் பக்கத்தில் குதிரைமேல் இருக்கும் தாமஸ் மன்றோவிடம் போங்கள். ஆங்கிலேயச் சிற்பி சான்ட்ரி வடித்த வெண்கலம், 1839-இல் நிறுவியது. குதிரையை உற்றுப் பாருங்கள்: சேணம் கிடையாது, அங்கவடியும் கிடையாது. இருந்தாலும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்! விவசாயியே நேரடியாக அரசுக்கு நிலவரி கட்டும் ரயத்துவாரி முறையை வேரூன்றச் செய்த சென்னை மாகாண ஆளுநர். 1827-இல் சுற்றுப்பயணத்தின் நடுவே காலராவில் இறந்தார்.

பூக்கடைப் பகுதியில் நிற்கும் ஐந்தாம் ஜார்ஜோ பேரரசர். ஜார்ஜ் டவுன் என்ற பெயரே அவரால் வந்ததுதான், அதற்கு முன்பு கறுப்பர் நகரம். ஆனால் அந்த நெரிசலில் நின்று நிதானமாகப் பார்ப்பது கஷ்டம். மல்லிகை வாங்கப் போனால், அப்படியே அவரையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.