சட்டத்தை மீறினால் பாவமா? கிளிநொச்சியில் நடந்த மூன்று மாலை வகுப்பு பற்றி

கிளிநொச்சியில் ஒரு பங்கு மண்டபத்தில் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை மாலைகளில் நடந்த கிறிஸ்தவ அறநெறி வகுப்புக்கு ஒரு நாளும் தவறாமல் போய்வந்தேன். மனிதர் இயற்றிய சட்டத்தை மீறுவது பாவமா என்ற ஒரே கேள்வியைத்தான் மூன்று நாளும் பேசினார்கள். தேநீரும் குறிப்புத் தாள்களும் உட்பட ஆளுக்கு 500 ரூபா. காலபோக அறுவடை முடிந்ததும் மீண்டும் நடத்தவிருப்பதாகச் சொன்னதால், போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. சென்ற ஆண்டு வீட்டுக்குக் குசினி கட்டியபோது, அனுமதிப்பத்திரம் இல்லாத மணலை இரண்டு உழவு இயந்திரப் பெட்டி வாங்கினேன். இரவு இரண்டு மணிக்குக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். விடிந்து பார்த்தபோது மணலில் ஈரம் காயவில்லை. அதற்குள்ளிருந்து விரல் தடிப்பில் ஒரு மருத வேர், வெட்டுப்பட்ட முனை வெளிறித் தெரிய, நீட்டிக்கொண்டிருந்தது. ஆற்று மணலோடு கரையையும் சேர்த்து அள்ளியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதைக் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா, இது அரசாங்கத்துக்கும் எனக்கும் உள்ள விடயம் மட்டும்தானா என்று பல மாதங்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் முழுவதும் விவிலியம். உரோமையர் 13ஆம் அதிகாரத்தில் பவுல், தண்டனைக்கு அஞ்சி மட்டுமல்ல, மனச்சான்றின் பொருட்டும் ஆட்சியாளருக்குப் பணியச் சொல்கிறார். திருத்தூதர் பணிகள் 5ஆம் அதிகாரத்திலோ, போதிக்கக் கூடாது என்ற யூதத் தலைமைச் சங்கத்தின் கட்டளையைப் பேதுரு கடவுளின் பெயரால் மறுக்கிறார். இஸ்ரயேலரின் ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி பார்வோன் இட்ட ஆணையைச் சிப்ரா, பூவா என்ற மருத்துவச்சிகள் நிறைவேற்றவில்லை. கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார். இவற்றை ஒன்றோடொன்று மோதவிடாமல், பவுல் அந்த மடலை எழுதியது நீரோவின் ஆட்சிக்காலத்தில் என்பதை நினைவூட்டி, அவர் ஆட்சியாளரின் நற்குணத்தைப் புகழவில்லை, ஆட்சி எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்கிறார் என்று வகுப்பை நடத்திய பாதர் விளக்கியது எனக்குத் தெளிவாக இருந்தது. பாவம் என்பது சட்டத்தை மீறுவது என்று முதல் யோவான் மடலில் வரும் இடத்தைப் பலர் பாராளுமன்றச் சட்டத்துக்கும் பொருத்திக்கொள்வதுண்டு. அங்கே பேசப்படுவது கடவுளின் சட்டம் என்பதை அவர் நேரம் எடுத்துத் திருத்தினார்.

வகுப்பின் உயிர் இரண்டாம் நாளில் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் புனித தோமஸ் அக்குவினாஸ் வகுத்த அளவுகோல் இதுதான்: பொது நன்மைக்காக, அதிகாரம் உடையவரால், சுமையை நியாயமாகப் பங்கிட்டு இயற்றப்பட்ட சட்டம் மனச்சான்றைக் கட்டும், இவற்றில் தவறிய சட்டம் தானாகக் கட்டாது, ஆனாலும் பிறருக்கு இடறலோ குழப்பமோ வராமல் இருக்க ஒருவர் தன் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியும் வரலாம், கடவுளுக்கு எதிரான சட்டத்துக்கோ ஒருபோதும் பணியக் கூடாது. முற்றுகைக் காலத்தில் நகர வாயிலைத் திறக்கக் கூடாது என்பது சட்டமாக இருந்தாலும், நகரைக் காக்கும் நம்மவர் எதிரியால் துரத்தப்பட்டு வந்தால் திறப்பதே சட்டத்தின் நோக்கம் என்று அவர் தரும் எடுத்துக்காட்டையும் கேட்டோம். வீதியின் இடப்பக்கம் ஓட வேண்டும் என்று கடவுள் கட்டளையிடவில்லை, இத்தாலியில் வலப்பக்கம்தான் ஓடுகிறார்கள். ஆனால் ஒரு நாடு ஒரு பக்கத்தைத் தீர்மானித்துவிட்டால், அடுத்தவனின் உயிர் அந்தத் தீர்மானத்தில் தங்கிவிடுகிறது.

அப்போது உழவு இயந்திரம் ஓட்டும் ஓர் இளைஞர் எழுந்து, “பாதர், பின் லைட் இல்லாமல் ஏ9 வீதியில ஓடினால் பொலிஸுக்குக் குற்றம், சரி. கடவுளுக்கு என்ன?” என்று கேட்டார். “தம்பி, பின்னால மோட்டார் சைக்கிளில வாறவனுக்கு இருட்டுக்க உங்கட பெட்டி தெரியுமோ?” என்று பாதர் திருப்பிக் கேட்டார். இளைஞர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். இந்த ஒரு பதிலுக்காகவே 500 ரூபா தகும் என்று நினைக்கிறேன்.

அதே நாளின் கடைசிப் பத்து நிமிடங்களில்தான் எனக்குப் பெரிய குறை. தண்டனையை மட்டும் கடமையாக்கும் சட்டங்கள் உண்டு, அவற்றை மீறுவது பாவமன்று, பிடிபட்டால் தண்டத்தைக் கட்டினால் போதும் என்ற பழைய கொள்கையை அவசரமாகச் சொல்லி முடித்தார்கள். தங்கள் சபை விதிகள் பாவத்தின் பேரில் அல்ல, தண்டனையின் பேரிலேயே கட்டும் என்று 1236இல் தொமினிக்கன் துறவிகள் தீர்மானித்ததில் அதன் வேர் இருக்கிறது. பிற்காலத்தில் சுவாரெஸ் போன்ற இறையியலாளர் அதை நாட்டுச் சட்டங்களுக்கும் விரித்தார்கள். விரும்பிச் சேர்ந்த துறவிகளின் வீட்டு ஒழுங்குக்குப் பொருந்தியதை வரிக்கும் வீதிச் சட்டத்துக்கும் நீட்டுவது ஆபத்தானது. வரி செலுத்துவது அறநெறிக் கடமை என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்வதை இதன் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். வைக்காததால், “அப்ப தண்டம் கட்டினால் கணக்கு முடிஞ்சுது” என்று சிலர் பேசிக்கொண்டு வெளியேறியதை நானே கேட்டேன்.

மூன்றாம் நாள் அநீதியான கட்டளைகளைப் பற்றியது. இங்கே வன்னியின் கதையே பாடமாயிற்று. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள், ஏறத்தாழ ஓராண்டு போராடியும் விடை கிடைக்காத நிலையில், 2018 ஏப்ரலில் கடற்படையின் அனுமதிக்குக் காத்திராமல் படகுகளில் தங்கள் தீவுக்குத் திரும்பினார்கள். மண்டபத்தில் இருந்த இரணைமாதா நகர் அம்மா ஒருவர், கரையில் இறங்கியதும் முதலில் கோயிலுக்குத்தான் நடந்தோம் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச முடியாமல் நின்றார். 1963இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மாட்டின் லூதர் கிங் எழுதியதைப் பாதர் இதனோடு இணைத்தார்: அநீதியான சட்டத்தை மீறுபவர் வெளிப்படையாக, அன்போடு, தண்டனையை ஏற்கும் மனத்தோடு மீற வேண்டும். அந்த மக்கள் பகல் வெளிச்சத்தில் எல்லோரும் அறியப் போனார்கள். என் மணல் இரவு இரண்டு மணிக்கு வந்தது. நான் மாதக்கணக்காகத் தேடிய பதில் அந்த இடத்தில்தான் எனக்குக் கிடைத்தது.

இடைவேளையில் பாதரிடம் மணலைப் பற்றிச் சொன்னேன். அனுமதிப்பத்திரத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “அந்தக் கரைக்குப் பக்கத்தில ஆருடைய காணி இருக்குது எண்டு தெரியுமோ அம்மா?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிறகு விசாரித்துப் போனேன். வரம்போடு சேர்ந்து ஒரு வயலின் மூலை ஆற்றுக்குள் சரிந்து கிடந்தது.

மற்றக் குறைகள் சிறியவை. குறிப்புத் தாள்களில் எழுத்து மங்கல், இலத்தீன் சொற்களுக்கு விளக்கமும் இல்லை. மெதடிஸ்த சபையிலிருந்தும் சிலர் வந்திருந்ததால், ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாக மனச்சான்றைக் கட்டாது, அதிகாரத்தை மதிக்க வேண்டும் என்ற பொதுக் கட்டளையே கட்டும் என்ற, 16ஆம் நூற்றாண்டுப் புரட்டஸ்தாந்து இறையியலாளர் கல்வினின் பார்வைக்கும் இடம் கொடுத்திருக்கலாம். வகுப்பு முடிய ஏழரை மணியாகும். பஸ்ஸை நம்பி வருபவர்கள் திரும்பும் வழியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள்தான் வர முடியும் என்றால் இரண்டாம் நாள் வாருங்கள், அந்தக் கடைசிப் பத்து நிமிடங்களில் கையை உயர்த்திக் கேள்வி கேளுங்கள்.