சுங்கை சிப்புட்டில் கேம் சர்வர் கோளாறை வீட்டுக்கே வந்து பார்க்கும் கடை

சுங்கை சிப்புட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர்கள் பலர் உண்டு. ஃபார்மட் அடிப்பது, திரை மாற்றுவது, பிரிண்டருக்கு மை ஊற்றுவது எல்லாம் எங்கும் நடக்கும். ஆனால் "பையன் வீட்டில் மைன்கிராஃப்ட் சர்வர் போட்டிருக்கிறான், வெளியூர்ப் பிள்ளைகளால் உள்ளே வர முடியவில்லை" என்று சொன்னதும், "உள்ளே வரப் பார்த்தால் என்ன எழுத்து வருகிறது அக்கா? டைம்டு அவுட்டா, ரெஃப்யூஸ்டா?" என்று திருப்பிக் கேட்ட கடை இது ஒன்றுதான். பழைய கடைவரிசையில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஒரு தம்பி தனியாக நடத்துகிறார். வீட்டுக்கு வந்து பார்க்க 80 வெள்ளி (ரிங்கிட்). கம்பி, பெட்டியெல்லாம் தனிக் கணக்கு. கொடுத்த காசுக்கு மேலேயே செய்தார். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் செம்பனை ஆலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்களுடையது தோட்டத்துக் குடும்பம். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயத்து வீடுகள் காலியாயின, அக்கா கிள்ளானுக்கும் தம்பி ஜோகூர் பாருவுக்கும் போய்விட்டார்கள். பிள்ளைகள் ஒன்றுசேர்வது தீபாவளிக்கும் கல்யாணம் காட்சிக்கும்தான். மைன்கிராஃப்ட் என்பது கட்டைகளை அடுக்கி ஊரே கட்டுகிற கணினி விளையாட்டு. ஒரு வீட்டுக் கணினியில் சர்வர் என்ற நிரலை ஓடவிட்டால், மற்ற ஊர்ப் பிள்ளைகளும் இணையம் வழியாக அதற்குள் வந்து சேர்ந்து ஆடலாம். அதில் அவர்கள் சேர்ந்து கட்டுவது எங்கள் பழைய தோட்டத்தை. லயம், பால் கொட்டகை, மாரியம்மன் கோயில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் என்று தாத்தா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுப்பியிருக்கிறார்கள். கோயிலுக்கு எதிரே அரசமரம் எந்தப் பக்கம் நின்றது என்று மூன்று ஊர்ப் பிள்ளைகளும் வாதாடுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். அந்த சர்வர் நின்றுபோனதை "விளையாட்டுதானே" என்று என்னால் விட முடியவில்லை.

இவரிடம் போவதற்கு முன் வேறு ஊரிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தோம். அவர் வந்ததும் பழைய ரௌட்டர் சரியில்லை என்றார், இருநூறு வெள்ளிக்கு மேல் ஒரு புதியதை விற்றார், அதையும் இணையக் கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால் செருகினார். கடைசியில் டிஎம்ஜெட் என்று ஏதோ ஒன்றைத் திறந்துவிட்டு, இனிமேல் வரும் என்று சொல்லிப் போனார். வரவில்லை.

மேல்மாடித் தம்பி எதையும் விற்கவில்லை. முதலில் அந்த இரண்டு எழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். ரெஃப்யூஸ்டு என்று வந்தால் நாம் கூப்பிட்டது பெரும்பாலும் ஏதோ ஓர் இயந்திரம்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில், அதாவது கணினியின் எண்ணிட்ட வாசலில், கேட்டுக்கொண்டிருக்க யாரும் இல்லை. சர்வர் ஓடவில்லை, அல்லது போர்ட் எண் தப்பு. டைம்டு அவுட் என்றால் பதிலே வரவில்லை. வழியில் ஏதோ ஒன்று அதை விழுங்கிவிட்டது. எங்களுக்கு வந்தது டைம்டு அவுட். "அப்படியென்றால் உள்ளேயிருந்து வெளியே ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டு போவோம்" என்றார். இந்த ஒழுங்குதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

முதல் படி, சர்வர் ஓடும் அதே கணினியிலிருந்து நுழைவது. நுழைந்தது. அடுத்தது வீட்டுக்குள்ளேயே இன்னொரு மடிக்கணினியிலிருந்து. அதுவும் நுழைந்தது. இங்கேயே தடுத்திருந்தால் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டு வைஃபையை விண்டோஸ் பொது இடம் என்று குறித்துவைத்திருந்தால், சர்வரை ஓட்டும் ஜாவா நிரலுக்குத் தனி வலைக்கு மட்டும் கொடுத்த அனுமதி அங்கே செல்லாது. சர்வரின் அமைப்புகளை எழுதிவைக்கும் சர்வர் ப்ராப்பர்டீஸ் கோப்பில் சர்வர் ஐபி (கணினியின் முகவரி எண்) என்ற வரி காலியாக இருக்கிறதா என்றும் பார்த்தார். இணையத்தில் எங்கேயோ படித்துவிட்டுப் பிள்ளைகள் அதில் ஏதாவது எண்ணை எழுதிவிடுவது வழக்கமாம்.

பிறகு ரௌட்டருக்குள் போனார். வெளியிலிருந்து ஒரு போர்ட்டைத் தேடி வருவதை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்று அங்கேதான் எழுதிவைக்க வேண்டும். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு 25565 என்ற டிசிபி போர்ட்டில் காத்திருக்கும். கைப்பேசியில் விளையாடும் பெட்ராக் பதிப்பு 19132, அது யுடிபி. டிசிபி, யுடிபி இரண்டும் தகவல் அனுப்பும் இரு வேறு முறைகள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் அவரிடம் அதிகமாம். எங்கள் வீட்டில் எண் சரியாகத்தான் இருந்தது. அனுப்பும் இடம்தான் தப்பு. ரௌட்டரில் 192.168.1.12க்கு அனுப்பச் சொல்லி எழுதியிருந்தது, கணினியோ 192.168.1.17ல் இருந்தது. 12 இப்போது யார் என்று தேடிப் பார்த்தால், வரவேற்பறைத் தொலைக்காட்சி!

இது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம். இங்கே சாயங்காலம் இடி மழை என்றால் மின்சாரம் டிரிப் ஆவது சாதாரணம். திரும்பி வந்ததும் ரௌட்டர் ஒவ்வொரு பொருளுக்கும் புதிதாக எண் கொடுக்கலாம். நேற்று சரியாக இருந்தது இன்று ஏன் இல்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிற பல வீடுகளில் காரணம் இதுவாகத்தான் இருக்கும். கடைத் தம்பி எங்கள் கணினியின் மேக் எண்ணை (பொருளுக்கென்று உள்ள அடையாள எண்) ரௌட்டரில் பதிந்து, அதற்கு எப்போதும் 17தான் என்று கட்டிவைத்தார். ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கிவைக்கச் சொன்னார். அதைத் தன் கடையிலேயே வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை.

புதிதாக வாங்கிய ரௌட்டர் கம்பெனிப் பெட்டிக்குப் பின்னால் நின்றதால் வீட்டுக்குள்ளேயே இரண்டு மதில் ஆகிவிட்டது. ஒன்றில் கதவைத் திறந்தாலும் மற்றது மூடியிருக்கும். அதை வைஃபையை மட்டும் பரப்பும் அக்சஸ் பாயிண்ட் என்ற முறைக்கு மாற்றிப் பின்னறையில் வைத்துவிட்டார். இப்போது அங்கே வைஃபை நன்றாக வருகிறது, பணம் வீணாகவில்லை. அந்த டிஎம்ஜெட்டைப் பார்த்ததும்தான் முகம் மாறியது. ஒரு போர்ட்டுக்குப் பதிலாகக் கணினியின் எல்லாப் போர்ட்டையும் வெளியுலகத்துக்குக் காட்டுகிற வேலை அது. யார் சொன்னாலும் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அதை மூடினார். எனக்கும் அதில் அவர் பேச்சுதான் சரி. என் சம்பளக் கணக்கு, பிள்ளையின் பள்ளிக் கோப்பு எல்லாம் அதே கணினியில்தான் இருக்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகும் வெளியிலிருந்து நுழைய முடியவில்லை. இங்கேதான் பலர் கைவிட்டுவிடுவார்கள். அவர் ரௌட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க முகவரி என்ன என்று பார்த்தார். 100 என்று தொடங்கியது, இரண்டாவது எண் எண்பத்துச் சொச்சம். அதே நேரம், நம் முகவரியைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றில் முற்றிலும் வேறு எண். "கோளாறு உங்கள் வீட்டில் இல்லை அக்கா" என்றார்.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகளை, பல வீடுகள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்வதற்கென்றே 2012ல் ஒதுக்கினார்கள். பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே 430 கோடி அளவுதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் கம்பெனிகள் பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகின்றன. லயத்தில் இருந்தபோது எல்லோருக்கும் கடிதம் தோட்டத்து ஆபீஸ் முகவரிக்குத்தான் வரும். கிராணி பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். பெயரே இல்லாத கடிதம் ஆபீஸிலேயே கிடக்கும். எங்கள் சர்வரைத் தேடி வந்த ஒவ்வொன்றும் அப்படித்தான் கிடந்திருக்கிறது. நாமே வெளியே போய்ப் படம் பார்ப்பதற்கும் புலனத்தில் (வாட்ஸ்அப்) பேசுவதற்கும் இதனால் ஒரு தடையும் தெரியாது. வெளியார் நம் வீட்டுக்கு வர வேண்டும் என்னும்போதுதான் இடிக்கும். ரௌட்டரில் என்ன திருகினாலும் இது தீராது.

கம்பெனியிடம் எப்படிக் கேட்பது என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். நிலையான ஐபி, அதாவது எப்போதும் மாறாத முகவரி, என்று கேட்டால் வணிகத் திட்டத்துக்கு மாறச் சொல்லி விலை சொல்வார்கள். பொது ஐபி (வேறு வீட்டோடு பகிராத வெளி முகவரி) வேண்டும், அது மாறிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை என்று கேளுங்கள் என்றார். தொலைபேசியில் முதலில் எடுத்தவருக்கு விஷயம் விளங்கவில்லை. ரௌட்டரை அணைத்துப் போடுங்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி, ரௌட்டரில் தெரிகிற 100 எண்ணையே படித்துக் காட்டிய பிறகுதான் காரியம் நடந்தது. கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. எல்லாக் கம்பெனியும் இப்படிக் கொடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அது கிடைக்கும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம் என்று, வெவ்வேறு ஊர்க் கணினிகளை ஒரே வீட்டு வலையில் இருப்பதுபோல இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற நிரலைப் போட்டுக் கொடுத்தார். எங்களைப்போலச் சொந்தக்காரர்களுக்குள் ஆடுகிறவர்களுக்கு அதன் இலவசத் திட்டமே நல்ல வழி. ஒவ்வொரு பிள்ளையின் கணினியிலும் நிறுவ வேண்டும் என்பதுதான் சிரமம்; கிள்ளான் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்துப் போட வைத்தோம். இதுவும் 100 என்று தொடங்கும் எண்ணைத்தான் கொடுக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நேரடியாக இணைந்திருக்கிறதா, நடுவில் வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிப் போகிறதா என்று அதன் ஸ்டேட்டஸ் கட்டளை காட்டும். சுற்றிப் போனால் விளையாட்டு தாமதமாகி இழுக்கும். பிளேஇட் என்ற இன்னொரு சேவையில் நண்பர்கள் எதையும் நிறுவ வேண்டியதில்லை, ஆனால் எல்லாம் அந்தச் சேவையின் சர்வர் வழியாகத்தான் போகும். பள்ளித் தோழர்கள் நிறையப் பேர் வருவார்கள் என்றால் அது சரி.

பொது ஐபி வந்த அன்று சோதித்துப் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். பையன் வீட்டு வைஃபையிலிருந்தே வெளி முகவரியைப் போட்டு, வரவில்லை என்றான். கடைத் தம்பி புலனத்தில், மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, கைப்பேசி டேட்டாவில் இணைத்துப் பார்க்கச் சொன்னார். உடனே நுழைந்தது. பல ரௌட்டர்களுக்கு உள்ளேயிருந்து தன் வெளி முகவரிக்கே போய்த் திரும்பி வரத் தெரியாது; எல்லாம் சரியாக இருந்தாலும் வீட்டிலிருந்து பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். போர்ட் திறந்திருக்கிறதா என்று காட்டும் இணையப் பக்கங்களும் சர்வர் ஓடாத நேரத்தில் மூடியிருக்கிறது என்றுதான் சொல்லும். இந்த இரண்டும் தெரியாமல் சரியான அமைப்பைக் கலைத்துவிடுகிறவர்கள் நிறைய.

வாசல் திறந்தாயிற்று, இனி யார் வரலாம் என்று பட்டியல் போடுங்கள் என்று வொயிட்லிஸ்ட்டையும் போட வைத்தார். 25565ஐத் தேடி இணையம் முழுக்கத் துழாவும் நிரல்கள் உண்டு. பிள்ளைகளின் பெயரை மட்டும் சேர்த்திருக்கிறோம். முகவரி எண் மாறினாலும் பிள்ளைகள் ஒரே பெயரைப் போட்டு வருவதற்காக டக்டிஎன்எஸ் என்ற சேவையில் ஒரு பெயர் வாங்கிக் கொடுத்தார், அது இலவசம்.

ஆடும்போது இழுக்கிறது என்ற புகாருக்கும் இணையத்தைக் குறை சொல்லவில்லை. சர்வரின் கறுப்புத் திரையில் "கான்ட் கீப் அப்" என்ற வரி ஓடுகிறதா என்று பார்த்தார். அது ஓடினால் கணினிக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம், கம்பெனியை எவ்வளவு திட்டினாலும் பயனில்லை. எங்களுடையதில் அந்த வரி அவ்வப்போது வந்தது. விளையாட்டில் எவ்வளவு தொலைவுவரை காட்டுவது என்ற பார்வை தூரத்தைக் குறைத்ததும் நின்றது. வைஃபையிலிருந்து கணினியை எடுத்து, கூரையோரமாகக் கம்பி இழுத்துக் கொடுத்தார். கம்பி வேலை சுத்தம், சுவரில் ஒரு கீறல் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. தொலைபேசியை எடுக்கவே மாட்டார். வேகமாகப் பேசுகிறார், பையனுக்குப் புரிந்த அளவு எனக்குப் புரிய இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது, கேட்டால் சலிக்காமல் சொல்கிறார் என்பது வேறு. என்ன மாற்றினேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. இந்த வேலைக்கு அது கட்டாயம் வேண்டும். நாங்களே கேட்டு எழுதி, ரௌட்டரின் பின்புறம் ஒட்டியிருக்கிறோம்.

அலைபேசி வலையை மட்டும் நம்பி இணையம் வைத்திருக்கும் தோட்டத்து வீடுகளுக்கு முழுத்தீர்வு தர முடியாது என்று அவரே முன்கூட்டிச் சொல்கிறார். அந்த வீடுகளுக்குப் பெரும்பாலும் பொது முகவரி கிடைப்பதில்லை. டெயில்ஸ்கேல் மாதிரி ஏதாவது ஒன்றுதான் வழி, அதற்காக வீட்டுக்கு வந்து காசு வாங்க மாட்டேன், கணினியைக் கடைக்குத் தூக்கி வாருங்கள் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை இல்லை. போவதற்கு முன் புலனத்தில் செய்தி போட்டுவிடுங்கள். பிள்ளைகள் திரையில் வரும் எழுத்தையும், ரௌட்டர் நிலைப் பக்கத்தில் இருக்கும் வெளி முகவரியையும் படம் எடுத்து அனுப்பினால், வர வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கேயே சொல்லிவிடுவார். என் அலுவலகத் தோழி ஒருவருக்கு அப்படித்தான் வராமலே தீர்த்துக் கொடுத்தார், ஒரு காசும் வாங்கவில்லை.